இசக்கியின் கண்ணில் படக்கூடாதவை

ஊருக்குப் பேர் ஒத்தப்பனைக்குறிச்சி. ஆனால் ஊரைச் சுற்றிக் காடு மாதிரி பனை நிற்கும். பேருக்கும் ஊருக்கும் பொருந்தவில்லையே என்று அண்ணன் தம்பிகள் நாலு பேர் ஒருநாள் அரிவாளோடு கிளம்பினார்கள். ஒரு பனையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுவது என்று ஏற்பாடு. எந்தப் பனையை விடுவது என்பதில் பொழுது சாயும்வரை பேச்சு முடியவில்லை. பனைகள் பிழைத்தன. அந்த நாலு பேர் கதைதான் இது.

மூத்தவர் சங்கிலிபூதத்தான். ஊரில் பூதத்தான் என்றால் போதும். அவருக்கு அடுத்தது பேச்சிமுத்து. அதற்கடுத்து மந்திரமூர்த்தி, எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஆகையால் வீட்டில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போகும், போன சந்தேகம் குட்டி போட்டுத் திரும்பி வரும். கடைக்குட்டி சுடலையாண்டி. நால்வருக்கும் சொத்து என்று ஒரு மைக் செட், ஒரு எருமை, உடன்பிறந்தாள் விட்டுப்போன மகள் ஒருத்தி.

நால்வருக்கும் கல்யாணம் ஆகவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. பூதத்தானுக்குப் பெண் பார்க்க நால்வரும் போனார்கள். பார்த்தார்கள். வந்துவிட்டார்கள். பெண் வீட்டார் ரொம்ப நாள் காத்திருந்துவிட்டு ஆள் அனுப்பிக் கேட்டபோது, "அதான் பாத்தாச்சே" என்று பூதத்தான் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

தங்கச்சி மகள் பேர் இசக்கி. டவுனில் ஒரு தையற்கடையில் ரவிக்கை தைக்கிறவள். சின்ன வயதிலிருந்தே மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. தினமும் மினிபஸ்ஸில் போவாள். கூட்டத்தில் ஏறியதும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்; எல்லாரும் காக்கி நிறத்திலும் பூப்போட்ட நிறத்திலும் கரைந்து தெரிவார்கள். அந்த மங்கலுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும், "கண்ணாடி வருது, கண்ணாடி பத்திரம், எடம் விடுங்க" என்று, ஏதோ பீரோ ஏற்றுகிற மாதிரி வழி விலக்கும். கண்டக்டர் ஐகோர்ட்ராஜாவின் குரல். அந்தக் குரலை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தக் குரலுக்கும் இவளைப் பிடித்துப்போய், தன் அம்மா செல்லக்கனி மூலம் பெண் கேட்டு ஆள் விட்டிருந்தது.

அந்த முகத்தை, நடுவில் கண்ணாடி, ஆவி ஒன்றும் இல்லாமல் ஒரு தடவை நேராகப் பார்க்க வேண்டும் என்று இசக்கிக்கு ஆசை. கண்ணுக்கு லேசர் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். அதோடு, பிறந்ததிலிருந்து எதுவும் கேட்டிராதவள் பூதத்தானிடம் ஒன்று கேட்டாள்: "பெரிய மாமா, இந்த எடத்த மட்டும் விட்டுராதீங்க." பூதத்தான் பலமாகத் தலையாட்டினார். எந்த இடம் என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தான் நின்ற இடத்திலேயே வெகுநேரம் அசையாமல் நின்றார்.

லேசர் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் இசக்கிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். கண்ணாடி வேண்டாம் என்று வந்தவளுக்குக் கண்ணாடியையே மாட்டிவிட்டார்களே என்று பேச்சிமுத்துவுக்கு வருத்தம். "பழைய கண்ணாடிதான்டே. லேசர் சூட்டுல கருகிப் போச்சு" என்று மந்திரமூர்த்தி தேற்றினார்.

புறப்படும்போது நர்ஸம்மா நால்வரையும் நிறுத்தி வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "ரெண்டு வாரத்துக்குத் தண்ணி, சோப்பு, பவுடர், மை எதுவும் கண்ணுல படக்கூடாது. கண்ணு அரிக்குது, கசக்கணும்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க." எழுதித் தரட்டுமா என்றும் கேட்டார். நாலு மண்டை இருக்கும்போது காகிதம் எதற்கு என்று பூதத்தான் மறுத்துவிட்டார்.

ஆனால் ஒரே மண்டையில் அவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயம் இல்லை. ஆகவே பங்கு பிரித்தார்கள். தண்ணி, சோப்பு இரண்டும் பேச்சிமுத்துவுக்கு. பவுடர், மை மந்திரமூர்த்திக்கு. 'கண்ணுல' என்பது பெரிய பொறுப்பு, அதைப் பூதத்தான் எடுத்துக்கொண்டார். 'படக்கூடாது' மட்டும் மிச்சம் இருந்தது, சுடலையாண்டிக்குக் கொடுத்தார்கள். 'சொல்லுவாங்க, கேக்காதீங்க' சுலபமாக இருந்ததால் நால்வருமே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காரியத்தில் இறங்கினார்கள். தண்ணீர் அவள் கண்ணில் படக்கூடாது. சரி. கிணற்றின் மேல் பந்தல் துணியைப் போர்த்திக் கட்டினார்கள். குடத்துக்கு வேட்டி சுற்றினார்கள். சோப்பைக் கூரை எரவாணத்தில் செருகினார்கள். எதிர்த்த வீட்டுக்காரர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினால் பேச்சிமுத்து ஓடிப்போய் வாய்க்கால் முன்னால் கையை விரித்து நின்றுகொள்வார்.

காப்பியில் தண்ணீர் இருக்கிறதா என்பதில் கொஞ்சம் தகராறு. நம் வீட்டுக் காப்பியில் தண்ணீரைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று சுடலையாண்டி உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இசக்கி கண்ணை மூடிக்கொண்டுதான் காப்பி குடித்தாள்.

அவள் சொல்லிப் பார்த்தாள். "மாமா, கண்ணுல படக்கூடாதுன்னா கண்ணுக்குள்ள போகக்கூடாதுன்னு அர்த்தம். நான் பாக்கக்கூடாதுன்னு இல்ல."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூதத்தான் குரலைத் தாழ்த்தி, "சொல்லுதா பாத்தியா? நர்ஸம்மா அப்பமே சொன்னாவ. கேக்காதிய" என்றார். இசக்கி ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தை மட்டும் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்து, வேளாவேளைக்குத் தானே விட்டுக்கொண்டாள். அவள் கண் பிழைத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் சுடலையாண்டி ஒரு கோயில் கொடைக்கு மைக் செட் கட்டப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு இசக்கியைப் பார்க்க வந்தாள். மந்திரமூர்த்தி வாசலை மறித்து "பவுடர்" என்றார். பூதத்தான் "கண்ணுல" என்றார். அதோடு நின்றுபோனார்கள். பேச்சு முடிகிற இடம் தம்பியிடம் அல்லவா இருக்கிறது.

"கண்ணுல என்ன? சொல்லுங்களேன்" என்றாள் அந்த அம்மா.

"இருங்கம்மா, ஆள் வரணும்" என்று பூதத்தான் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். பேச்சிமுத்து போன் போட்டார். கொடைப் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் சுடலையாண்டி, என்ன விஷயம் என்றுகூடக் கேட்காமல், "படக்கூடாது" என்று கத்திவிட்டு வைத்தான். அந்த அம்மா திரும்பிப் போனாள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யாரும் முகத்துக்குப் பவுடர் போடவில்லை.

பவுடர் ஒழிந்தது. மை அப்படி லேசில் ஒழிகிற சரக்கு இல்லை. இசக்கியின் மைச் சிமிழைப் புதைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தபோது மந்திரமூர்த்திக்குப் படிப்பு வேலை செய்தது. எருமையையே வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல எழுந்தார்.

"அண்ணாச்சி, எருமை."

"அதுக்கென்ன இப்ப?"

"கடேசில என்ன இருக்குன்னு பாருங்க. எரு... மை."

பூதத்தான் எருமையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். வால்தான் இருந்தது. பிறகு விளங்கியது. முகம் வெளிறிவிட்டது. இத்தனை நாள் அவ்வளவு பெரிய மை, நாலு காலில், பிள்ளையின் கண் முன்னாலேயே நின்றிருக்கிறது. போதாததற்கு நிறமும் அதே நிறம். அன்றே எருமையை அடுத்த ஊர்ச் சொந்தக்காரர் ஒருவர் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். திரும்பி வருகிற வழியில் மைக் செட்டிலும் முன்னாலேயே மை இருப்பது தெரிந்தது. அதையும் சாக்கில் கட்டி அதே தொழுவத்தில் வைத்தார்கள். பாலும் போனது, பிழைப்பும் போனது. நால்வரும் பட்டினியாக, ஆனால் திருப்தியாக இருந்தார்கள்.

அப்போதுதான் செல்லக்கனி வீட்டிலிருந்து சேதி வந்தது: வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம். வந்த ஆளைத் திண்ணையில் நிறுத்தி வைத்து மந்திரமூர்த்தி விளக்கினார், வெள்ளி வரைக்கும் சரி, கிழமை ஆகாது என்று. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்றார் அவர். அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. கிழமையே இல்லாத ஒரு நாளில் வரச் சொல்லுங்கள் என்றார் பூதத்தான்.

வந்தவர் தலையைச் சொறிந்தார். ஆடி பிறந்துவிட்டால் பேச்சே எடுக்க மாட்டார்கள், செல்லக்கனிக்கு வேறு ஒரு ஊரில் இன்னொரு பெண்ணும் பார்வையில் இருக்கிறது, இழுத்தடித்தால் இந்த இடம் கைவிட்டுப் போய்விடும் என்றார். உள்ளேயிருந்து இசக்கி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவள் கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்ததைப் பூதத்தான் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோறும் இல்லை, அது வேறு.

கடைசியில் சுடலையாண்டிதான் வழி கண்டுபிடித்தான். அமாவாசை. அதில் கிழமை கிடையாது. ஆனி அமாவாசைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். நர்ஸம்மா சொன்ன கெடுவுக்குள்தான் அந்த அமாவாசை வந்தது, ஆனாலும் வேறு வழியில்லை.

அன்று மாப்பிள்ளை வீட்டார் மினிபஸ்ஸையே எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். செல்லக்கனி முகத்தில் அரை டப்பா பவுடர். கூட வந்த பெண்கள் எல்லாருக்கும் கண்மை. நால்வரும் துண்டோடு வாசலில் நின்று, பெண்ணின் கண்ணுக்கு ஆபத்து என்று கும்பிட்டுச் சொல்லி, வந்தவர்கள் முகங்களை ஒன்று விடாமல் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க மை பரவியதே தவிரப் போகவில்லை. ஆகவே பெண்களின் முகத்தின் மேல் துண்டையே போட்டு உட்கார வைத்தார்கள். மருமகள் கண் என்பதால் செல்லக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

"வாங்க மைனி" என்று பூதத்தான் அவளை அண்ணி முறை வைத்து வாயார வரவேற்றார். அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நால்வரும் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினார்கள்.

"மைனி வீட்டுக்குள்ள வரக்கூடாது. மொத எழுத்தே மை" என்றார் மந்திரமூர்த்தி.

"அப்ப அக்கான்னு கூப்பிடுவோம். என்ன கெட்டுப் போச்சு?" என்றார் பேச்சிமுத்து.

பூதத்தான் விரல் விட்டு எண்ணினார். "அக்கான்னா மாப்பிள்ளை நமக்கு அக்கா மகன். இசக்கி தங்கச்சி மகள். ரெண்டும் அண்ணன் தங்கச்சில்லாடே. எங்க இருந்து கல்யாணம் பண்ணுறது?"

இவ்வளவு சரியான கணக்கை அவர் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை. மைனி மைனியாகவே இருக்க வேண்டும், ஆனால் வெளியே தெரியக்கூடாது என்று முடிவாயிற்று. ஒரு ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து செல்லக்கனியைத் தலையோடு கால் போர்த்தி மூலையில் உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து, "பெரிய எடத்துச் சம்பிரதாயம் போலிருக்கு" என்று அவள் முனகியது கேட்டது.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் ஐகோர்ட்ராஜா நெற்றி வியர்வையைத் துடைத்தான். கைக்குட்டையில் கறுப்பாகக் கோடு விழுந்தது. சின்ன வயதிலேயே நரை விழுந்த ஆள். பெண் பார்க்க வருகிறோம் என்று தலைக்கும் மீசைக்கும் அன்று காலையில்தான் மை அடித்திருந்தான்.

பூதத்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவன் அப்பாவி. சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"எடுத்துட்டா அவ கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"ஆகாது மாப்பிள."

"அப்ப எடுங்க."

ஒயர் சீவுகிற பிளேடால் பேச்சிமுத்து எடுத்தார். தண்ணீரும் சோப்பும் ஆகாது என்பதால் வெறுமனே எடுத்தார். முதலில் மீசை. பிறகு தலை. புருவத்தில் மை இல்லை என்று மாப்பிள்ளை சத்தியம் செய்ததால் அதை விட்டார்கள். போர்வைக்குள்ளிருந்து செல்லக்கனி, வெளியே என்ன சரக் சரக்கென்று சத்தம் என்று கேட்டாள். தேங்காய் துருவுகிறோம் என்றான் சுடலையாண்டி.

இசக்கியைக் கூப்பிட்டார்கள். முகத்தில் ஒரு பூச்சும் இல்லாமல், கறுப்புக் கண்ணாடியோடு உள்ளேயிருந்து வந்தவள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். மூலையில் ஒரு ஜமுக்காள மூட்டை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சுவரோரம் பெண்கள் வெறும் துண்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இளநீர் சீவின மாதிரி ஒரு தலை, அங்கங்கே ரத்தப் பொட்டோடு. மாப்பிள்ளை எங்கே என்று அவள் தேடிக்கொண்டே காலை எடுத்து வைத்தபோது, அந்தத் தலை, பழக்க தோஷத்தில், "நெலப்படி இடிக்கும், கண்ணாடி பத்திரம்" என்றது.

இசக்கி நின்றாள். அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். மீசை இல்லாமல், முடி இல்லாமல், பயத்தோடு இருந்த முகம். எவ்வளவோ நாள் மங்கலாகவே இருந்ததற்கு அது எவ்வளவோ தேவலை.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

மாமன்கள் நால்வரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்றது ஜமுக்காளம்.

"சொல்லுச்சு. ஆனா நாங்க கேக்கல" என்றார் பூதத்தான்.

இசக்கி இன்னொரு தடவை, உரக்கச் சொன்னாள். பேச்சிமுத்து காதைப் பொத்திக்கொண்டார். பெரியவர்களுக்கே பதில் சொல்லத் தெரியாத வீட்டில் பெண் எடுக்க முடியாது, கிளம்பு என்று செல்லக்கனி போர்வையோடு எழுந்துவிட்டாள். ஐகோர்ட்ராஜா தயங்கித் தயங்கி எழுந்தான். பூதத்தான் வாசலையும் இசக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளை கேட்டது இந்த ஒன்றுதான். அதுவும் வாசலைப் பார்த்து நடக்கிறது. என்ன செய்வது? கேட்கக்கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு.

இசக்கியும் அந்த நாலு பேர் போட்ட சோற்றில் வளர்ந்தவள்தானே. ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு இவரப் பிடிக்கல. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

பூதத்தான் முகம் மலர்ந்தது. "கேட்டியாடே? வேண்டாங்கா."

"கேக்கக்கூடாதுல்லா அண்ணாச்சி" என்றார் மந்திரமூர்த்தி.

"கேக்கக்கூடாது. அதனால பண்ணிருவோம். எடுல தட்ட."

செத்த முகமாக நின்ற ஐகோர்ட்ராஜாவை இசக்கி பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரே ஒரு கணம் சிரித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள். அவன் கை தன்னால் மீசைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் வெறும் உதட்டைத் தடவியது.

பெரியவர் வாயிலிருந்தே பதில் வந்துவிட்டதால் ஜமுக்காளம் மறுபடி உட்கார்ந்தது. தட்டு மாற்றிய பிறகுதான் செல்லக்கனி போர்வையை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். அவள் போட்ட கூப்பாட்டில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் கிளம்பிவிட்டது. தட்டை மாற்றியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அழுது முடித்துவிட்டுப் பூதத்தானிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "ஆவணில முகூர்த்தம். அதுக்குள்ள எம்பிள்ளைக்கு முடி பழையபடி வளந்திருக்கணும். நீங்கதான் பாத்துக்கணும்."

பாத்துக்கிடுதோம் என்று பூதத்தான் வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் முதல் வண்டியிலேயே நால்வரும் மினிபஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுத்து, மாப்பிள்ளையின் தலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவன் முன்னால் போனால் முன்னால் போனார்கள், படிக்கட்டில் தொங்கினால் கூடத் தொங்கினார்கள். ஒருவர் இமைத்தால் இன்னொருவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டார். பஸ் ஊருக்கும் டவுனுக்கும் போய்ப் போய் வந்தது. தலையில் ஒரு மாற்றமும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து மந்திரமூர்த்தி காரணத்தைக் கண்டுபிடித்தார். "அண்ணாச்சி, ராத்திரி நாம தூங்கிட்டுக் காலைல வந்தா கொஞ்சம் வளந்திருக்கு. பாக்கும்போது வளர மாட்டேங்கு. வெக்கப்படுது."

அது நியாயமாகப் பட்டது. இத்தனை பேர் உற்றுப் பார்த்தால் எந்த முடிதான் தைரியமாக வெளியே வரும். அன்றிலிருந்து நால்வரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள். பயணிகளிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். கல்யாணக் காரியம் என்பதால் ஜனங்களும் மறுக்கவில்லை. மினிபஸ் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு டவுனுக்குப் போய் வந்தது, இறங்க வேண்டிய இடம் தாண்டி இறங்கியவர்கள்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவர் ஒருத்தர்தான், எவ்வளவு சொல்லியும், மூட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். கல்யாணப் போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம், மாப்பிள்ளைக்கு டிரைவர் பக்கத்து முடி மட்டும் கொஞ்சம் குட்டை.